செந்தூலில் இரண்டு நாள்: கோலாலம்பூரின் ரயில்வே பேட்டையில் வாரக் கடைசியைக் கழிப்பது எப்படி

கோலாலம்பூருக்கு வருபவர்கள் இரட்டைக் கோபுரம், பத்துமலை, பிரிக்ஃபீல்ட்ஸ் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு லிட்டில் இந்தியா என்று வளைவு கட்டியாயிற்று, அங்கே சுற்றுலாப் பேருந்தும் நிற்கிறது. செந்தூலுக்கு அப்படி வளைவு எதுவும் கிடையாது. நகர மையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தமிழர்கள் நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்துவரும் பேட்டை இது. இங்கே சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம் என்று அநேகமாக ஒன்றும் இல்லை. அதனால் எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். காலை ஏழரைக்கு இருக்கும் செந்தூல் வேறு, மதியம் மூன்று மணிச் செந்தூல் வேறு. மூன்று மணிக்கு வந்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று சொல்பவர்கள் நிறைய.

ஈப்போ, பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூரிலிருந்து வருபவர்களையும் தமிழ்நாட்டிலிருந்து முதல் தடவை வருபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம்.

முதலில் நான்கு நிலையங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

செந்தூலில் வழி தவறுவது பெரும்பாலும் ரயிலை விட்டு இறங்கும்போதே நடந்துவிடும். பெயரில் 'செந்தூல்' உள்ள நிலையங்கள் நான்கு இருக்கின்றன. எல்ஆர்டி என்னும் இலகு ரயிலில் செந்தூல், அதற்கு அடுத்துக் கடைசி நிறுத்தமாகச் செந்தூல் தீமோர். கேடிஎம் கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் ஒரு செந்தூல். எம்ஆர்டி என்னும் பெருநகர ரயிலின் புத்ராஜெயா வழித்தடத்தில் பூமிக்கடியில் செந்தூல் பாராட். தீமோர் என்றால் கிழக்கு, பாராட் என்றால் மேற்கு. நடுவில் கேடிஎம் தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வரைபடத்தில் கைக்கெட்டும் தூரமாகத் தெரியும் இடத்துக்கு, தண்டவாளத்தின் மறுபக்கம் என்பதால் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். வெயிலில் அந்த நடை ஒரு நாளின் தெம்பையே எடுத்துவிடும்.

பசார் (சந்தை), சாப்பாட்டுக் கடைகள், அடுக்குமாடி வீடுகள், பழைய ஜாலான் செந்தூல் (ஜாலான் என்றால் சாலை) எல்லாம் கிழக்குப் பக்கம். செட்டியார் கோயில், தம்புசாமி பிள்ளை தமிழ்ப்பள்ளி, கேஎல்பேக் நாடக அரங்கு, ஜாலான் ஈப்போ எல்லாம் மேற்குப் பக்கம். சனிக்கிழமையைக் கிழக்குக்கும் ஞாயிற்றுக்கிழமையை மேற்குக்கும் ஒதுக்குங்கள், அல்லது மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே பொழுதில் இரண்டு பக்கமும் போய் வரத் திட்டம் போட வேண்டாம். அப்படியே போக நேர்ந்தாலும் நடக்காதீர்கள். செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி ஏறி அடுத்த நிறுத்தமான தித்திவங்சாவில் இறங்கி, எல்ஆர்டிக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் செந்தூல். ஓரிரு வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) முடிந்துவிடும், வியர்வையும் இல்லை.

வந்து சேரும் வழி நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜொகூர், மலாக்கா பக்கமிருந்து பேருந்தில் வருபவர்கள் டிபிஎஸ் என்னும் பேருந்து முனையத்தில் இறங்குவீர்கள். அதை ஒட்டியுள்ள பண்டார் தாசிக் செலாத்தான் நிலையத்தில் செந்தூல் தீமோர் போகும் எல்ஆர்டியில் ஏறினால் மாறவே வேண்டாம், நேராகக் கொண்டுவந்து விட்டுவிடும். பலர் இது தெரியாமல் நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் போய் மாறி வருகிறார்கள். ஈப்போ, பட்டர்வர்த்திலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் வருபவர்களுக்கு கேஎல் சென்ட்ரலில் இரண்டு வழி உண்டு. பத்து கேவ்ஸ் (பத்துமலை) போகும் கொமுட்டரில் ஏறினால் நேரே செந்தூல், ஆனால் வார இறுதியில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அரை மணியோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். கிளானா ஜெயா வழித்தடத்தில் இரண்டே நிறுத்தம் தள்ளி மஸ்ஜிட் ஜாமேக்கில் செந்தூல் தீமோர் எல்ஆர்டிக்கு மாறுவது ஒரு படி அதிகம் என்றாலும் நிச்சயமான வழி, எல்ஆர்டி சில நிமிடங்களுக்கு ஒன்று வரும். கொமுட்டர் நேரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வண்டி இருந்தால் அதில் ஏறுங்கள், இல்லையென்றால் எல்ஆர்டிதான்.

டச் என் கோ அட்டை ஒன்று கையில் இருந்தால் எல்ஆர்டி, எம்ஆர்டி, கொமுட்டர் மூன்றுக்கும் போதும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் நுழைய முடியாது. மலேசியர்களுக்கான 50 வெள்ளி மாதச் சீட்டு ரேபிட் கேஎல் ரயிலுக்கும் பேருந்துக்கும்தான், கொமுட்டரில் செல்லாது. கொமுட்டரில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். ஆண்கள் தெரியாமல் ஏறிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்வது வாரா வாரம் நடக்கும்.

தங்குமிடம்: பணம் கட்டுவதற்கு முன்

செந்தூலில் விடுதிகள் குறைவு. கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் கொண்டோமினியம் வீடுகளை நாள் வாடகைக்கு விடுபவை. இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சில அடுக்குமாடிகளின் நிர்வாகம் நாள் வாடகையை அனுமதிப்பதில்லை. வீட்டுக்காரர் விளம்பரம் போட்டிருப்பார், நீங்கள் பெட்டியோடு இரவு பத்து மணிக்கு வாசலில் நிற்பீர்கள், காவலாளி உள்ளே விடமாட்டார். முன்பதிவுக்கு முன் நான்கு கேள்விகளை எழுத்திலேயே கேட்டுவிடுங்கள். நிர்வாகம் அனுமதிக்கிறதா? விருந்தினர் பெயரை முன்கூட்டியே காவலறையில் பதிய வேண்டுமா? மின்தூக்கிக்கு அட்டை எத்தனை தருவீர்கள்? சாவியை யார் கையில் கொடுப்பார்கள்? ஒரே அட்டைதான் என்றால், காலையில் ஒருவர் பசாருக்குப் போய்த் திரும்பும்போது மற்றவர் கீழே இறங்கி வந்தால்தான் மேலே ஏற முடியும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் தித்திவங்சா, சௌகிட் பக்கம் சாதாரண விடுதியில் தங்குங்கள். தித்திவங்சாவிலிருந்து செந்தூலுக்கு எல்ஆர்டியில் ஒரே நிறுத்தம். வெளிநாட்டுக் கடப்பிதழ் உள்ளவர்கள் விடுதிகளில் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும். முன்பதிவுத் தொகையில் அது சேர்ந்திருக்காமல் போகலாம், அதற்குப் பணம் எடுத்து வையுங்கள்.

சனிக்கிழமை காலை: ஏழரைக்குள் பசாரில்

கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் உதிப்பது ஏழு, ஏழேகால் மணி அளவில்தான். தமிழ்நாட்டு வழக்கத்தில் ஐந்தரைக்கே எழுந்து கிளம்பினால் தெரு இருட்டாகத்தான் இருக்கும். ஏழரைக்குச் செந்தூல் பசார் பக்கம் போய்ச் சேருங்கள். ஒன்பதரைக்குப் பிறகு மீன் கடைகள் தரையைக் கழுவத் தொடங்கிவிடும், பதினொன்றுக்கு மேல் போனால் ஈரத் தரையும் காலிப் பெட்டிகளும்தான். திங்கட்கிழமை பல பசார்களில் பாதிக் கடை இருக்காது. நீண்ட விடுமுறையில் வருபவர்கள் பசாரைத் திங்களுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

கால் வழுக்காத செருப்பு போடுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைக் காலணி எல்லாம் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும் வசதியுள்ள வீட்டில் தங்கியிருந்தால் மீன் வாங்கிச் சமைப்பது இந்த இரண்டு நாளில் கிடைக்கும் நல்ல அனுபவம். கோலாலம்பூர் பசார்களில் அரைத்த மசாலா விற்கும் கடை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். சிவந்த மிளகாய் விழுது ஒரு குவியல், மஞ்சள் விழுது ஒரு குவியல், மல்லி, சீரகம், சோம்பு, வெங்காயம் என்று தட்டில் வரிசையாக இருக்கும். இத்தனை கிராம் என்று கேட்கக் கூடாது. என்ன சமைக்கப் போகிறீர்கள், எத்தனை கிலோ, எத்தனை பேர், காரம் எப்படி என்று சொல்ல வேண்டும். "அக்கா, மீன் ஒரு கிலோ, சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, காரம் கொஞ்சம் கம்மியா" என்றால் போதும். அவர் கரண்டியால் ஒவ்வொரு குவியலிலும் ஒரு வழி வழித்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார். இறைச்சிக்கு என்றால் விகிதமே மாறும், சோம்பும் பட்டையும் கூடும். இந்த ஈர மசாலாவை வெயிலில் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் மதியத்துக்குள் புளித்துவிடும். வாங்கியதும் அறைக்குப் போய்க் குளிர்பெட்டியில் வையுங்கள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பொடியாக வாங்குங்கள்.

கூப்பிடும் முறை ஒன்றும் கடினமில்லை. நம்மவர் கடையில் அண்ணே, அக்கா. வயதானவர்கள் என்றால் ஐயா, அம்மா, அல்லது இங்குள்ள வழக்கப்படி அங்கிள், ஆன்ட்டி. சீனர் கடையில் அங்கிள், ஆன்ட்டி. மலாய்ப் பெண்மணி என்றால் காக், இளைஞர் என்றால் அபாங். உணவகங்களில் வேலை செய்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாகவும் இருப்பார்கள், வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்களாகவும் இருப்பார்கள். தமிழில் கேட்டுப் பதில் வரவில்லை என்றால் இரண்டு மலாய்ச் சொல் போதும். பொட்டலம் கட்ட 'புங்குஸ்', கணக்குக்கு 'கீரா'.

விலை பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மளிகை, மீன், காய்கறிக்கு இங்கே பெரிய பேரம் கிடையாது. கிலோவுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்கு நகருங்கள். 1, 5, 10 வெள்ளித் தாள்கள் வைத்திருங்கள். காலையில் முதல் வியாபாரத்துக்கு 100 வெள்ளித் தாளை நீட்டினால் யாருக்கும் பிடிக்காது. கியூஆர் குறியீடு அநேகக் கடைகளில் ஒட்டியிருக்கும் என்றாலும் அதை மட்டும் நம்பி வர வேண்டாம்.

பசியாற

இங்கே காலை உணவைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். பசாரை முடித்துக்கொண்டு எட்டரை ஒன்பதுக்கு உட்காருங்கள். தோசை, இட்லி, ரொட்டி சானாய், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் எல்லாம் இருக்கும். இடியாப்பம் கிடைத்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள், குழம்பு கேட்டால்தான் வரும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ரொட்டி சானாயைப் பரோட்டா என்று நினைத்துக் கேட்பார்கள். அது மெல்லியது, மொறுமொறுப்பானது, பருப்புக் குழம்போடு வரும். 'பஞ்சிர்' என்று சொன்னால் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் குழம்பில் முக்கியே கொண்டுவருவார்கள்.

குடிப்பதற்குச் சொல்லும் முறையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் தினம் இரண்டு கரண்டி சீனி அதிகமாகப் போகும். 'தே', 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் கட்டிப்பால் ஊற்றி நல்ல இனிப்பாக வரும். 'ஓ' சேர்த்தால் பால் இல்லை, சீனி உண்டு. 'ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. 'சி' என்றால் டின்னில் வரும் இனிப்பில்லாத பாலும் தனியாகச் சீனியும். 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு. ஊரில் குடிக்கும் பால் தேநீர்தான் வேண்டும் என்றால் 'பசும்பால் தே' என்று சொல்லுங்கள், மலாயில் 'தே சூசூ லெம்பு'. நீரிழிவு உள்ளவர்கள் 'கூராங் மானிஸ்' என்பதை நம்ப வேண்டாம். கட்டிப்பாலில் சீனி ஏற்கெனவே இருக்கிறது, குறைப்பதற்கு எல்லை உண்டு. 'சி கோசோங்' என்று கேளுங்கள்.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை: நடை

சாப்பிட்டபின் ஜாலான் செந்தூல் பக்கம் கடைவீட்டு வரிசைகளின் அஞ்சடியில் நடங்கள். அஞ்சடி என்பது கடைகளுக்கு முன் கூரையோடு விட்ட ஐந்தடி நடைபாதை. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் குடை. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை மட்டம் மாறும். இரண்டு படி ஏறி மூன்று படி இறங்கி, நடுவில் சாமான் குவித்திருப்பார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்களுக்கு இது ஒத்துவராது, தோளில் மாட்டும் தொட்டில் கொண்டுவாருங்கள். சாலையோரம் நடந்தால் கைப்பையைக் கடைப்பக்கத் தோளில் மாட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்களுக்குச் சாலைப்பக்கம் தொங்கும் பைதான் வசதி. கைபேசியைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடக்காதீர்கள், ஒருவழிப்பாதையிலும் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வரும்.

இந்தப் பேட்டை ஏன் இங்கே உண்டாயிற்று என்பது தெரிந்தால் நடையில் பார்ப்பது புரியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களின் ரயில்வே தன் மத்தியப் பட்டறையைச் செந்தூலில் அமைத்தது. இன்ஜின் பழுதுபார்ப்பதும் பெட்டி கட்டுவதும் இங்கேதான். எழுத்தர் வேலைக்கு யாழ்ப்பாணத் தமிழர்களும் பட்டறைக்கும் தண்டவாளத்துக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். அவர்களைச் சுற்றித்தான் கோயில், பள்ளி, தேவாலயம், மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை எல்லாம் முளைத்தன. ஜப்பானியர் காலத்தின் கடைசியில், 1945-இல், நேச நாட்டு விமானங்கள் இந்தப் பட்டறையைக் குறிவைத்துக் குண்டு போட்டன. பழைய ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேநீர்க் கடையில் பக்கத்து மேசையில் அப்படி ஒருவர் அமைந்தால், "ஐயா, நீங்க ரயில்வேயில இருந்தீங்களா?" என்று ஆரம்பியுங்கள். எடுத்தவுடன் கைபேசியை நீட்டிப் படம் பிடிக்கக் கேட்காதீர்கள், பேச்சு நின்றுவிடும்.

செந்தூல் என்றால் அடிதடி, குண்டர் கும்பல் என்று ஒரு பேச்சு நாடு முழுக்க உண்டு. பகலிலும் முன்னிரவிலும் குடும்பத்தோடு நடக்க இங்கே தயங்க வேண்டியதில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் எல்ஆர்டி பாலத்தடியிலும் ஆளில்லாத பின்சந்திலும் குறுக்குவழி தேடாதீர்கள். இது எந்த நகரத்துக்கும் பொருந்தும் எச்சரிக்கைதான்.

இலைச் சாப்பாடு: பன்னிரண்டுக்கு முன்

வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பதினொன்றே முக்காலுக்கே உட்கார்ந்துவிடுங்கள். சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் மேசைக்காக நிற்க வேண்டியிருக்கும், இரண்டு மணிக்கு நல்ல மீன் தீர்ந்து போயிருக்கும். சோறு, இரண்டு மூன்று காய், அப்பளம், மோர்மிளகாய், ரசம், குழம்பு எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கும். சோறும் காயும் மறுபடி கேட்கலாம். குழம்பில் கோழி, மீன், நண்டு என்று வகை சொல்வார்கள், கலந்து ஊற்றச் சொல்லலாம்.

கணக்கு எகிறுவது தனியாக வாங்கும் வகைகளில். தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆட்டுப் பிரட்டல், கோழிப் பிரட்டல், பொரித்த மீன் இவற்றுக்கு விலை ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். நண்டு, பெரிய இறால், மீன் தலை மூன்றும் அளவைப் பொறுத்து மாறும். விலை கேட்காமல் எடுத்துவிட்டுக் கல்லாவில் முகம் சுருங்குவது புதிதாக வருபவர்களுக்கு வழக்கமாக நடப்பது. "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு தட்டு பிரட்டலும் ஒரு மீனும் போதும். சோறு அளவில்லாமல் வருவதால் வகைகளைக் குறைத்தாலும் வயிறு நிறையும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கேட்காமலே மீன் குழம்பு ஊற்றிவிடுவார்கள்.

மதியம்: ஓய்வு, மழை, பிரதோஷம்

ஒன்றரையிலிருந்து நாலரை வரை அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். 33 டிகிரி வெயில், அதற்குப் பின் மழை. ஏப்ரல் ஒட்டிய மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பிற்பகல் மூன்று முதல் ஆறுக்குள் இடியோடு கொட்டும். பெய்தால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) கட்டணம் இரட்டிப்பாகும், வண்டியும் வராது. மழை பிடித்துக்கொண்டால் ரயில் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ உட்கார்ந்துவிடுவதே புத்திசாலித்தனம். குடை மட்டும் போதாது, சாரல் முழங்கால் வரை நனைக்கும்.

மாலை கோயிலுக்கு. கிழக்குப் பக்கம் ஆதீஸ்வரன் ஆலயம் இருக்கிறது, சிவன் கோயில். பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தச் சனிக்கிழமை திரயோதசி வந்தால் சனிப் பிரதோஷம். மாலையில் நந்தி அபிஷேகத்துக்குச் செந்தூல்காரர்கள் கூடுவார்கள். இந்தப் பேட்டை மக்களை மொத்தமாகப் பார்க்க அதைவிட நல்ல வேளை கிடையாது. கோயில்கள் பொதுவாக நண்பகலில் நடை சாத்தி மாலை ஐந்து வாக்கில் திறக்கும். கைலி, அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள். கருவறையைப் படம் எடுக்காதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தனியாகத் தேட வேண்டியதில்லை. எட்டு மணிக்கு மேல் தெருவோர ஒட்டுக்கடைகளிலும் மாமாக் (இந்திய முஸ்லிம்) கடைகளிலும் கூட்டம் எங்கே அதிகமோ அங்கே உட்காருங்கள்.

ஞாயிறு: மேற்குப் பக்கம்

ஞாயிறு காலை ஜாலான் ஈப்போ. சாலையின் ஒரு பகுதிக்கு 2014-இல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று பெயர் மாற்றினார்கள். கைபேசி வரைபடம் புதுப்பெயரைக் காட்டும், ஆட்கள் ஜாலான் ஈப்போ என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி ஆலயம் இந்தச் சாலையில் இருக்கிறது. எல்லோரும் செட்டியார் கோயில் என்பார்கள். பக்கத்தில் ஒரு சாலைப் பலகையில் 'ஜாலான் கோவில் ஹிலிர்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மலாய்ப் பெயர்ப்பலகையில் நம் 'கோவில்' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும்.

தம்புசாமி பிள்ளை தமிழ்ப்பள்ளியும் இந்தச் சாலையில்தான். 1873-இல் தொடங்கிய நகர மகாமாரியம்மன் கோயிலுக்கும் பத்துமலையில் முருகன் வழிபாட்டுக்கும் வித்திட்ட தம்புசாமி பிள்ளையின் பெயரைத் தாங்கிய பள்ளி. விடுமுறை நாளில் வாசலோடு பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே போக முடியாது. தைப்பூச வெள்ளி ரதம் நகரத்திலிருந்து பத்துமலைக்குப் போவது இந்தச் சாலை வழியாகத்தான். தைப்பூசத்தை ஒட்டிய வாரக் கடைசியில் செந்தூல் வருவதென்றால் அது முற்றிலும் வேறு பயணம். சாலைகள் மூடியிருக்கும், அறை கிடைக்காது, வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். ரதத்துக்காகவே வருபவர்கள் வாருங்கள், அமைதியாகப் பேட்டையைப் பார்க்க நினைப்பவர்கள் வேறு வாரம் தேர்ந்தெடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் செந்தூல் செயின்ட் ஜோசப் தேவாலயத்தில் ஞாயிறு திருப்பலிக்குப் போகலாம். தமிழ்த் திருப்பலி நேரத்தை முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிற்பகலுக்கு கேஎல்பேக். ஜாலான் ஸ்ட்ராச்சனில், பூங்காவுக்குள், பழைய ரயில்வே கட்டடத்தின் செங்கல் சுவர்களை வைத்துக்கொண்டு கண்ணாடியும் இரும்பும் சேர்த்துக் கட்டிய அரங்கு. 2003-இல் நகர மையத்தில் மெர்டேக்கா சதுக்கத்தின் அடியிலிருந்த நாடக அரங்கு வெள்ளத்தில் மூழ்கியது. அதை நடத்திவந்த ஃபரீடா மெரிக்கனும் ஜோ ஹஷாமும் ஒய்டிஎல் குழுமத்தோடு சேர்ந்து 2005-இல் இங்கே திறந்தார்கள். ஞாயிறு பிற்பகல் காட்சிகள் பெரும்பாலும் மூன்று மணிக்குத் தொடங்கும். சீட்டை முன்பே இணையத்தில் எடுங்கள், இரண்டரைக்கு வாசலில் இருங்கள். தாமதமாக வந்தால் இடைவெளி வரும்வரை உள்ளே விடமாட்டார்கள். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு மேல்துண்டோ சட்டையோ எடுத்துப்போங்கள். அன்று காட்சி இல்லை என்றால் இந்தப் பகுதிக்காக மட்டும் மெனக்கெட வேண்டாம். பழைய பட்டறைக் கட்டடங்களும் நிகழ்ச்சி நடக்கும் நாள்களில்தான் திறந்திருக்கும். வெளியிலிருந்து கதவை மட்டும் பார்க்க நேரும்.

பத்துமலை கொமுட்டரில் நான்காவது நிறுத்தம்தான், "போய்ட்டு வந்துடலாமே" என்று தோன்றும். இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். வரிசை, 272 படி, வெயில், திரும்பும் வண்டிக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து அரை நாள் போய்விடும், செந்தூலில் மதியச் சாப்பாடும் தவறிவிடும். ஏரிக்கரையில் நடக்க ஆசை என்றால் தித்திவங்சா ஏரி இருக்கிறது, நகரக் கோபுரங்கள் எல்லாம் அங்கிருந்து தெரியும். ஆனால் தித்திவங்சா நிலையத்தில் இறங்கினால் ஏரி வாசலில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல தூரம், நடுவில் பெரிய சாலைகள். செந்தூலிலிருந்து கிராப் எடுத்து நேரே போங்கள், காலை எட்டுக்கு முன் அல்லது மாலை ஆறுக்குப் பின்.

திரும்பும்போது

சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 வெள்ளி வைத்துக்கொண்டால் தாராளமாகப் போதும், நண்டும் மீன் தலையும் வேண்டுமென்றால் தவிர.

டிபிஎஸ் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. செந்தூலிலிருந்து கிளம்பும் எல்ஆர்டிகளில் ஒன்று அம்பாங் போகும், ஒன்று புத்ரா ஹைட்ஸ் போகும். மேடை ஒன்றுதான். வண்டியின் நெற்றியில் புத்ரா ஹைட்ஸ் என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். தெரியாமல் அம்பாங் வண்டியில் ஏறிவிட்டால் பதற வேண்டாம், சான் சௌ லின் நிலையத்தில் இறங்கி அடுத்த புத்ரா ஹைட்ஸ் வண்டியைப் பிடியுங்கள். அதற்கு அப்புறம்தான் பாதை பிரிகிறது. இந்தத் தவறுக்கும் சேர்த்துப் பேருந்து நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே செந்தூலைவிட்டுக் கிளம்புங்கள். டிபிஎஸ்ஸில் பயணச்சீட்டைச் சரிபார்த்து வாயிலைக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆகும். வழிக்குச் சாப்பாடு வேண்டுமென்றால் நான்கு மணிக்கே இடியாப்பமோ சப்பாத்தியோ புங்குஸ் கட்டச் சொல்லுங்கள். குழம்பைத் தனிப்பையில் இறுக்கிக் கட்டி, இரண்டாவது பை ஒன்றும் போட்டு வாங்குங்கள்.